எஸ்டிடி (பால்வினை நோய்) பயம் வந்துடுச்சா? எந்த டெஸ்ட எப்ப எடுக்கணும், எதுக்கு உடனே ஓடணும்

இதப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் இப்பதான் பாத்ரூம் கதவ சாத்திட்டு மொபைல் டார்ச் அடிச்சு ஒரு சின்னப் புள்ளிய பத்து ஆங்கிள்ல பார்த்துட்டு வந்திருப்பீங்க, மீதிப் பேருக்கு உடம்புல ஒண்ணுமே இருக்காது ஆனா நடந்தத நெனச்சு நெனச்சே தூக்கம் போயிருக்கும். ரெண்டு பேருக்கும் பதில் ஒண்ணுதான். உடம்ப உத்து உத்துப் பார்க்கிறத விட்டுட்டு தேதியப் பாருங்க. என்னைக்கு நடந்துச்சு, என்ன நடந்துச்சு, இன்னைக்கு எத்தனாவது நாள், இந்த மூணும் கையில இருந்தா எந்த டெஸ்ட எப்ப எடுக்கணும்னு கிட்டத்தட்ட தெரிஞ்சிடும்.

அறிகுறிய ஏன் நம்ப முடியாதுன்னா அது ரெண்டு பக்கமும் ஏமாத்தும். கிளமிடியாங்கிற பாக்டீரியா தொற்று வந்த பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் ஆண்கள்ல நிறைய பேருக்கும் ஒண்ணுமே தெரியாது, தொண்டையில வர்ற கொனோரியாங்கிற இன்னொரு பாக்டீரியா தொற்றும் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு தினமும் பத்து லட்சத்துக்கும் மேல புதுசா பால்வினைத் தொற்று வருது, அதுவும் மருந்துல குணமாகக்கூடிய வகை மட்டுமே இவ்வளவு, அதுல பெரும்பகுதி அறிகுறி காட்டாததுதான். அந்தப் பக்கம் பார்த்தா அரிப்பு, எரிச்சல், சின்னக் கட்டின்னு பயந்து வர்றதுல நிறைய விஷயத்துக்கும் பால்வினை நோய்க்கும் சம்பந்தமே இருக்காது. அதனால அறிகுறி இருந்தாலும் டெஸ்ட்தான், இல்லன்னாலும் டெஸ்ட்தான், நாள் மட்டும்தான் மாறும்.

மொதல்ல கடிகாரத்தப் பாருங்க: 72 மணி நேரம்

நடந்து மூணு நாள் ஆகலன்னா மத்தத எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், இந்த ஒரு பத்திய மட்டும் படிச்சுட்டு கிளம்புங்க. எச்ஐவி இருக்கிற ஆளோட, இல்ல இருக்கா இல்லையான்னே தெரியாத ஆளோட காண்டம் இல்லாம யோனி வழியாவோ ஆசனவாய் வழியாவோ உறவு நடந்திருந்தா, காண்டம் கிழிஞ்சிருந்தா, ஊசி பகிர்ந்திருந்தா, எச்ஐவி ஒட்டாம தடுக்க பெப்னு ஒரு மருந்து இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் விடாம சாப்பிடணும். 72 மணி நேரம் டைம் இருக்கேன்னு நாளைக்குப் போலாம்னு உட்காராதீங்க, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறமோ அவ்வளவு நல்லா வேலை செய்யும், முதல் நாளே ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. ராத்திரியா இருந்தா எமர்ஜென்சிக்கே போங்க, போய் "எனக்கு எச்ஐவி ரிஸ்க் ஆயிருக்கு, பெப் வேணும், இத்தனை மணி நேரம் ஆச்சு"ன்னு நேரா சொல்லுங்க, சுத்தி வளைச்சு உடம்பு சரியில்லன்னு சொன்னா பாரசிட்டமால் குடுத்து அனுப்பிடுவாங்க.

அதே விசிட்ல இன்னும் ரெண்டு விஷயம் கேளுங்க. ஹெபடைடிஸ் பி (கல்லீரலத் தாக்குற வைரஸ்) தடுப்பூசி முழுசா போடாதவங்கன்னா அதையும் உடனே ஆரம்பிக்கலாம், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. கர்ப்பம் ஆகுற வாய்ப்பு இருந்தா அவசர கருத்தடை மாத்திரை, சாதாரணமா கிடைக்கிற லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கு 72 மணி நேரம், காப்பர் டி அஞ்சு நாள் வரைக்கும் போடலாம். இது உங்க சம்மதம் இல்லாம நடந்ததுன்னா இந்த மூணும் உங்களுக்கும் உண்டு, மருந்து வாங்கிக்கிறதுக்கு முன்னாடி புகார் குடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணிட்டுதான் வரணும்னு நினைச்சு லேட் பண்ணாதீங்க.

72 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா பெப் கதை முடிஞ்சது, அதுக்காக எல்லாம் முடிஞ்சதுன்னு இல்ல, ஒரு தடவை நடந்ததுல எச்ஐவி வர்ற வாய்ப்பு பெரும்பாலும் நீங்க நடுராத்திரி மூணு மணிக்கு நினைக்கிறத விட ரொம்பக் குறைவு. அடுத்த வேலையப் பார்ப்போம்.

என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை எழுதி வைங்க

மொபைல்ல லாக் போட்ட நோட்ல எழுதுங்க போதும். தேதி, எந்த மாதிரி உறவு, வாயா யோனியா ஆசனவாயா, காண்டம் ஆரம்பத்துல இருந்தே இருந்துச்சா பாதியில போட்டதா, கிழிஞ்சுதா, அந்த ஆளுக்கு ஏதாவது இருக்குன்னு தெரியுமா. இத ஏன் எழுதச் சொல்றேன்னா பயம் வந்துட்டா மூளை தினமும் கதைய மாத்தும், நேத்து காண்டம் கிழியலன்னு நல்லா தெரிஞ்சவருக்கு இன்னைக்கு கிழிஞ்சிருக்குமோன்னு தோணும், நாளைக்கு கண்டிப்பா கிழிஞ்சுதுன்னு ஆயிடும். முதல்ல எழுதினதுதான் கணக்கு. டாக்டர்கிட்ட பேச வெட்கமா இருந்தா அந்த நோட்டையே நீட்டிடலாம்.

எழுதினத வச்சுப் பார்த்தா ரிஸ்க் ஓரளவு புரியும். கை குடுத்தது, கட்டிப்பிடிச்சது, ஒரே டாய்லெட் சீட், ஒரே டம்ளர், நீச்சல் குளம், கொசு, இதுல எதுலயும் எச்ஐவி வராது, கொனோரியாவும் சிபிலிஸும் வராது. துணியோட உரசினதுக்கும் டெஸ்ட் தேவையில்ல. முத்தத்துல எச்ஐவி கிடையாது, ஆனா உதட்டுல புண்ணு இருந்தா ஹெர்ப்பிஸ் வரலாம். வாய்வழி உறவுல எச்ஐவி வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனா கொனோரியா, சிபிலிஸ், ஹெர்ப்பிஸ் மூணும் நல்லாவே வரும், இது பலருக்குத் தெரியாது, "வாயில தானே"ன்னு கணக்குலயே சேர்க்க மாட்டாங்க. காண்டம் போட்டா எச்ஐவி, கொனோரியா, கிளமிடியா எல்லாம் பெரிய அளவுல தடுக்கும், ஆனா ஹெர்ப்பிஸ், எச்பிவி (மரு வரவைக்கிற வைரஸ்), சிபிலிஸ் காண்டம் மறைக்காத தோல்ல இருந்தா தொத்தும், அதனால காண்டம் போட்டும் வந்துடுச்சேன்னு குழம்பத் தேவையில்ல.

எதிர் ஆளுக்கு எச்ஐவி இருக்கு ஆனா அவர் மருந்து ஒழுங்கா சாப்பிட்டு வைரஸ் டெஸ்ட்லயே தெரியாத அளவுக்கு குறைஞ்சு அப்படியே இருக்குன்னா, அவர்கிட்ட இருந்து உடலுறவு மூலமா எச்ஐவி பரவாது. இது ஆறுதல் பேச்சு இல்ல, பெரிய ஆய்வுகள்ல நிரூபிச்ச விஷயம். மருந்து சாப்பிடுறவர விட டெஸ்டே எடுக்காதவர்கிட்டதான் ரிஸ்க் அதிகம்.

இதெல்லாம் இருந்தா தேதி கணக்கு பார்க்காதீங்க, உடனே போங்க

திடீர்னு ஒரு பக்க விரையில தாங்க முடியாத வலி வந்தா அது எஸ்டிடியா இல்லையான்னு யோசிக்கிற நேரமே இல்ல, விரை முறுக்கிக்கிட்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள்ள சரி பண்ணலன்னா விரையே போயிடலாம். பெண்களுக்கு அடிவயிறு வலியோட காய்ச்சல், உறவு வைக்கும்போது உள்ளுக்குள்ள ஆழமா வலி, இது கருப்பை, கருக்குழாய் வரைக்கும் தொற்று ஏறினதுக்கான அடையாளமா இருக்கலாம், விட்டுட்டா பின்னாடி குழந்தை உண்டாகுறதுல பிரச்சினை வரும். கண்ணு சிவந்து சீழ் வடியுறது, யூரின் சுத்தமா வராம அடைச்சுக்கிறது, கர்ப்பமா இருக்கும்போது பிறப்புறுப்புல புண்ணு, இதுக்கும் அன்னைக்கே போகணும்.

இவ்வளவு அவசரம் இல்ல ஆனா இந்த வாரத்துக்குள்ள காட்டணும்ங்கிற லிஸ்ட்ல வர்றது: ஆண்குறி நுனியில இருந்து மஞ்சளாவோ பச்சையாவோ வெள்ளையாவோ வடியுறது, யூரின் போகும்போது எரிச்சல், எந்தப் புண்ணா இருந்தாலும், கொத்தா வர்ற கொப்புளம், மாதவிடாய்க்கு நடுவுல ரத்தம், வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், ஆசனவாயில வலியோட சளியோ ரத்தமோ, அப்புறம் உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் அரிக்காத தடிப்பு. கடைசியா சொன்னது சிபிலிஸோட ரெண்டாம் கட்டமா இருக்கலாம், அலர்ஜின்னு ஆயின்ட்மென்ட் தடவிட்டு விட்டுடுவாங்க, அதுவும் தானா மறைஞ்சுடும், மறைஞ்சதும் நோய் போயிடுச்சுன்னு நினைப்பாங்க.

எது எதுவா இருக்கலாம், எது ஒண்ணுமே இல்ல

சிபிலிஸோட முதல் புண்ணு பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான் வரும், வலிக்காது, ஓரத்தத் தொட்டா மூக்கு நுனியத் தொடுற மாதிரி கெட்டியா இருக்கும், தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கும். தொற்றி 10 நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள எப்ப வேணா வரலாம், சராசரியா மூணு வாரம். வலி இல்லாததாலயே ஆளுங்க கண்டுக்க மாட்டாங்க, யோனிக்குள்ளயோ ஆசனவாய்க்குள்ளயோ தொண்டையிலயோ வந்தா கண்ணுக்கே படாது. மூணுல இருந்து ஆறு வாரத்துல மருந்தே இல்லாம ஆறிடும், ஆறினது புண்ணுதான், கிருமி உள்ளதான் இருக்கு.

ஹெர்ப்பிஸ் இதுக்கு நேர் எதிர். ரெண்டுல இருந்து பன்னெண்டு நாளுக்குள்ள, முதல்ல குறுகுறுன்னு இருக்கும், அப்புறம் சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமா வந்து உடைஞ்சு புண்ணாகி யூரின் பட்டா உயிர் போகும், முதல் தடவைன்னா காய்ச்சல் உடம்பு வலியும் சேர்ந்து வரலாம். கொனோரியா ஆண்களுக்கு பெரும்பாலும் ரெண்டுல இருந்து அஞ்சு நாள்ல கெட்டியா சீழ் காட்டிடும், சிலருக்கு ரெண்டு வாரம் ஆகும். கிளமிடியா காட்டினா ஒண்ணுல இருந்து மூணு வாரம், வடியுறதும் கம்மியா தண்ணியா இருக்கும். எச்பிவி மரு வர்றதுக்கு சில வாரமும் ஆகலாம், பல மாசமும் ஆகலாம், அதனால மருவ வச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு துப்பறியப் போறது வீண் வேலை.

இப்ப பயந்து வர்ற ஆனா நோயே இல்லாத விஷயங்கள். ஆண்குறி மொட்டோட விளிம்பச் சுத்தி ஒரே சைஸ்ல வரிசையா ஒண்ணு ரெண்டு ரவுண்டு குட்டிக் குட்டி முத்து மாதிரி இருக்கா, அது இயல்பான உடல் அமைப்பு, பல ஆண்களுக்கு இருக்கு, இத்தனை வருஷம் நீங்க கவனிக்கல, பயம் வந்த பிறகு டார்ச் அடிச்சதால தெரியுது அவ்வளவுதான். தோலுக்கு அடியில வெளிர் மஞ்சளா புள்ளி புள்ளியா இருக்கிறது எண்ணெய்ச் சுரப்பி, உதட்டுலயும் இருக்கும். பெண்களுக்கு யோனி வாயிலோட உள்பக்கம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குட்டி குட்டியா நீட்டிக்கிட்டிருக்கிறது மரு இல்ல, அதுவும் சாதாரண அமைப்பு. ஷேவ் பண்ணி ரெண்டு மூணு நாள் கழிச்சு முடிக்காலுக்குள்ள சிவந்து வர்ற பரு, நடுவுல முடி தெரிஞ்சா அது ரேசர் வேலை. கட்டி கட்டியா வெள்ளையாப் போய் செம அரிப்பு இருந்தா பூஞ்சைத் தொற்று, மீன் வாடையோட சாம்பல் நிறத்துல தண்ணியாப் போனா பாக்டீரியா சமநிலை மாறினது, ரெண்டுக்கும் சிகிச்சை வேணும், ஆனா ரெண்டும் யாரோ துரோகம் பண்ணினதுக்கான சாட்சி இல்ல.

ஒரு விஷயம் தனியா சொல்லணும், ஆண்கள் நிறைய பேர் பண்றது. சீழ் வருதான்னு செக் பண்றேன்னு ஒரு நாளைக்கு பத்து தடவை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறது. அப்படி அமுக்கினா ஆரோக்கியமா இருக்கிறவனுக்கே யூரின் குழாய் புண்ணாகி எரியும், ஒரு சொட்டு ஈரமும் வரும், அதப் பார்த்துட்டு கன்ஃபர்ம்னு முடிவு பண்ணி இன்னும் அமுக்குறது. டெட்டால் போட்டுக் கழுவுறதும் இதே ரகம்தான், எரிச்சலும் தோல் உரியறதும் நாமளே வரவழைச்சுக்கிறது. கையத் தள்ளி வச்சு ரெண்டு நாள் வெறும் தண்ணியில கழுவுங்க, பாதி "அறிகுறி" காணாமப் போறதப் பார்ப்பீங்க.

சரி, எந்த நாள்ல எந்த டெஸ்ட்

விண்டோ பீரியட்னு சொல்றது இதத்தான். கிருமி உள்ள வந்துடுச்சு, ஆனா டெஸ்ட் கண்டுபிடிக்கிற அளவுக்கு கிருமியோ, அத எதிர்க்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியோ இன்னும் சேரல, அந்த இடைவெளி. இந்த இடைவெளியில எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே வேற. ஞாயித்துக்கிழமை நடந்ததுக்கு புதன்கிழமை போய் எல்லா டெஸ்டையும் மொத்தமா எடுத்து எல்லாம் நெகட்டிவ்னு கொண்டாடுறவங்க நிறைய, அந்த ரிப்போர்ட் சொல்றது போன ஞாயித்துக்கிழமைய பத்தி இல்ல, அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி வரைக்கும் இருந்த கதைய. அதுவும் பிரயோஜனம்தான், முன்னாடி எப்பவுமே டெஸ்ட் எடுக்காதவங்க ஒரு அடிப்படை ரிப்போர்ட்டா வச்சுக்கலாம், ஆனா அதோட நிறுத்தக் கூடாது.

மொபைல் காலண்டர்ல மூணு ரிமைண்டர் போடுங்க. பேரு "பல் டாக்டர்"னு கூட வச்சுக்கோங்க, வீட்ல யாராவது பார்த்துட்டா பிரச்சினை இல்ல.

முதல் ரிமைண்டர் 14வது நாள். கிளமிடியாவும் கொனோரியாவும். யூரின் இல்ல ஸ்வாப் எடுத்து கிருமியோட மரபணுவத் தேடுற நாட் டெஸ்ட், சில லேப்ல பிசிஆர்னு போட்டிருப்பாங்க. டிரைக்கோமோனாஸ்ங்கிற இன்னொரு பால்வினைத் தொற்றையும் இதே சாம்பிள்ல பார்க்கச் சொல்லலாம், முக்கியமா பெண்களுக்கு. வாய்வழி, ஆசனவாய் வழி உறவு இருந்திருந்தா தொண்டையிலயும் ஆசனவாயிலயும் தனியா ஸ்வாப் எடுக்கணும், யூரின்ல நெகட்டிவ்னு வந்தா அது தொண்டையப் பத்தி ஒண்ணும் சொல்லாது. நீங்க கேட்கலன்னா பல இடத்துல எடுக்க மாட்டாங்க.

ரெண்டாவது ரிமைண்டர் 45வது நாள். எச்ஐவிக்கு நாலாம் தலைமுறை டெஸ்ட், ஆன்டிஜென் (வைரஸோட துண்டு), ஆன்டிபாடி ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறது, நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ணினா 18ல இருந்து 45 நாளுக்குள்ள தெரிஞ்சிடும். 45 நாள் முடிஞ்சு நெகட்டிவ்னா அந்தச் சம்பவத்தப் பொறுத்தவரை எச்ஐவி இல்ல. விரல்ல குத்தி எடுக்கிற ரேபிட் கிட், வீட்லயே பண்ற செல்ஃப் டெஸ்ட் இதுக்கெல்லாம் 90 நாள் வரைக்கும் காத்திருக்கணும். எச்ஐவி நாட் டெஸ்ட் 10ல இருந்து 33 நாளுக்குள்ளயே காட்டும், ஆனா விலையும் ஜாஸ்தி, எல்லாருக்கும் தேவையும் இல்ல, பெரிய ரிஸ்க் ஆகி ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல், தொண்டை வலி, உடம்புல தடிப்புன்னு வந்தவங்களுக்கு டாக்டர் எழுதுவார். அந்தக் காய்ச்சல் சாதாரண ஃப்ளூவுக்கும் அப்படியேதான் இருக்கும், காய்ச்சல வச்சு எச்ஐவின்னு யாராலயும் சொல்ல முடியாது, இணையத்துல லிஸ்ட் படிச்சு டிக் அடிச்சா ஜலதோஷம் பிடிச்ச எல்லாருக்குமே எச்ஐவின்னுதான் வரும்.

பெப் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு, எச்ஐவி வராம இருக்க முன்கூட்டியே தினமும் பிரெப் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு இந்த நாள் கணக்கு அப்படியே பொருந்தாது, மருந்து குடுத்த இடத்துலயே எப்ப வரணும்னு கேட்டு எழுதிக்கோங்க.

மூணாவது ரிமைண்டர் 90வது நாள். சிபிலிஸ் ரத்த டெஸ்ட், ஹெபடைடிஸ் பி, ரேபிட் கிட்ல எச்ஐவி பார்த்தவங்க அதையும் மறுபடி. சிபிலிஸுக்கு 45வது நாள் போறப்பவே ஒரு தடவை பார்த்துக்கிறது நல்லது, பெரும்பாலும் அதுலயே தெரிஞ்சிடும், 90ல பார்க்கிறது கதவச் சாத்துறதுக்கு. ஹெபடைடிஸ் சி முக்கியமா ரத்தத்துல பரவுறது, ஊசி பகிர்ந்தவங்க, ரத்தக்கசிவு வர்ற மாதிரி ஆசனவாய் உறவு வச்சவங்க சேர்த்துக் கேளுங்க.

அறிகுறி இருக்கிறவங்களுக்கு இந்த 14, 45, 90 எல்லாம் காத்திருக்கிற கணக்கு இல்ல. சீழ் வடியுதுன்னா நாலாவது நாளே டெஸ்ட் எடுக்கலாம், அதுல கிருமி நிறைய இருக்கும், தெரிஞ்சிடும். புண்ணு இருந்தா புண்ணு இருக்கும்போதே போங்க, ஹெர்ப்பிஸுக்கு புதுப் புண்ணுல ஸ்வாப் எடுத்துப் பார்க்கிற பிசிஆர்தான் நம்பகமானது, முதல் ரெண்டு நாள்ல எடுத்தா சிறப்பு, காஞ்சு பொருக்கு கட்டின பிறகு போனா ஒண்ணும் கிடைக்காமப் போகலாம்.

ஹெர்ப்பிஸ் ரத்த டெஸ்ட பத்தி என் கருத்து, புண்ணே வராதவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. ஐஜிஎம்னு ஒரு வகை ஆன்டிபாடி டெஸ்ட் எடுப்பாங்க, அது புதுசு பழசு ஒண்ணும் பிரிச்சுச் சொல்லாது, தப்பா பாசிட்டிவும் காட்டும். ஐஜிஜிங்கிற இன்னொரு வகை ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தா ஹெர்ப்பிஸ் டைப் 1 பாசிட்டிவ்னு வரலாம், 50 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல உலகம் முழுக்க மூணுல ரெண்டு பேருக்கு கிட்ட டைப் 1 இருக்கு, சின்ன வயசுல யாரோ முத்தம் குடுத்ததுல வந்ததா இருக்கும், அது எங்க இருக்குன்னும் ரத்தம் சொல்லாது. டைப் 2 ஐஜிஜி குறைஞ்ச அளவுல பாசிட்டிவ் காட்டினா அதுலயும் நிறைய தப்பு வரும். ஃபுல் எஸ்டிடி பேக்கேஜ்னு விக்கிறதுல இத சேர்த்துத் தள்ளுவாங்க, மூணு மாச மன உளைச்சல் அதுல இலவசம். எச்பிவிக்கு ரத்த டெஸ்டே கிடையாது, பெண்களுக்கு கருப்பைவாய்ல சாம்பிள் எடுத்துப் பார்க்கிறது உண்டு, ஆண்களுக்கு வழக்கமா பண்ற டெஸ்ட்னு ஒண்ணு இல்ல, மரு இருந்தா டாக்டர் கண்ணால பார்த்தே சொல்லிடுவார்.

டெஸ்ட்டுக்குப் போற அன்னைக்கு

தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டர், பெண்களுக்கு மகப்பேறு டாக்டரும் பார்ப்பாங்க, எச்ஐவி டெஸ்ட் மட்டும்னா ஆலோசனையோட எடுக்கிற மையங்கள் இருக்கும், பேர மத்தவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. டாக்டர்கிட்ட என்ன பேசுறதுன்னு தவிக்கிறவங்களுக்கு ஒரே வரி: "இந்த தேதியில காண்டம் இல்லாம உறவு நடந்துச்சு, செக் பண்ணணும்." மிச்சத்த அவரே கேட்பார். ஆணோடயா பெண்ணோடயான்னு கேட்டா உண்மையச் சொல்லுங்க, எந்த இடத்துல ஸ்வாப் எடுக்கணும்னு முடிவு பண்ணத்தான் கேட்கிறது. அறிவுரை குடுக்க ஆரம்பிச்சு அசிங்கமா உணர வச்சா எழுந்து வந்து வேற டாக்டரப் பாருங்க, டாக்டர மாத்தலாம், டெஸ்ட தள்ளிப் போடக் கூடாது.

யூரின் சாம்பிள்ல பெரும்பாலும் தப்பு நடக்கும். சாதாரண யூரின் கல்ச்சருக்கு முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றதப் பிடிக்கச் சொல்வாங்க, பழக்கத்துல இதுக்கும் அப்படியே பண்ணிடுவோம். கிளமிடியா கொனோரியாவுக்கு தலைகீழ், குழாய்ல ஒட்டியிருக்கிற கிருமிய அடிச்சுக்கிட்டு வர்ற முதல் யூரின்தான் வேணும், ஒரு 20, 30 மில்லி போதும், கப்ப ரொப்ப வேண்டியதில்ல, ரொப்பினா கிருமி கரைஞ்சு போயிடும். அதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு மணி நேரம் யூரின் போகாம இருக்கணும், பெண்கள் எடுக்கிறதுக்கு முன்னாடி அங்க கழுவித் துடைக்க வேணாம். பெண்களுக்கு யூரின விட யோனியில ஸ்வாப் எடுக்கிறது இன்னும் நல்லா கண்டுபிடிக்கும், நாமளே எடுத்துக் குடுக்கலாம், ஒரு நிமிஷ வேலை.

இத அழுத்திச் சொல்றேன், டெஸ்ட்டுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்ல கேட்டு அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் போடாதீங்க. பாதி மருந்து பாதிக் கிருமிய அடிச்சு டெஸ்ட் நெகட்டிவ் ஆயிடும், நோய் உள்ளயே இருக்கும், அதுலயும் கொனோரியா ஒவ்வொரு மாத்திரையா பழகிட்டு வர்ற கிருமி, இப்ப அதுக்கு முக்கியமா ஊசிதான் போடுறாங்க. ஏற்கனவே ஏதாவது சாப்பிட்டிருந்தா பேரு, தேதி ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க.

ரிப்போர்ட் வந்ததும்

எச்ஐவி முதல் டெஸ்ட் ரியாக்டிவ்னு வந்தா அது முடிவு இல்ல, வேற வகை டெஸ்ட்ல உறுதி பண்ணாம யாரும் எச்ஐவின்னு சொல்லக் கூடாது. உறுதி ஆனாலும் இன்னைக்கு தினசரி மாத்திரையோட சாதாரண ஆயுள் வாழுற நிலைமை, சீக்கிரம் ஆரம்பிக்கிறதுதான் விஷயம்.

சிபிலிஸ் ரிப்போர்ட் கொஞ்சம் குழப்பும். விடிஆர்எல், ஆர்பிஆர் ஒரு வகை ரத்த டெஸ்ட், டிபிஎச்ஏ இன்னொரு வகை. விடிஆர்எல் மட்டும் குறைஞ்ச அளவுல ரியாக்டிவ் வந்து டிபிஎச்ஏ நெகட்டிவ்னா பெரும்பாலும் தவறான பாசிட்டிவ், கர்ப்பம், சில மூட்டு நோய், வேற வைரஸ் காய்ச்சல்ல கூட அப்படி வரும். டிபிஎச்ஏ ஒரு தடவை பாசிட்டிவ் ஆனா குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாவே இருக்கும், பத்து வருஷம் கழிச்சு பார்த்துட்டு மறுபடி வந்துடுச்சுன்னு அலற வேணாம். குணமாச்சான்னு பார்க்கிறது விடிஆர்எல் அளவ வச்சுதான், 1:32 இருந்தது 1:8க்கோ அதுக்குக் கீழயோ வந்தா, அதாவது நாலுல ஒரு பங்கா குறைஞ்சா, மருந்து வேலை செஞ்சிருக்கு. மருந்து பழைய பென்சிலின் ஊசிதான், 1943ல முதல் தடவை சிபிலிஸுக்குப் போட்டது, இன்னைக்கு வரைக்கும் அந்தக் கிருமியால அத எதிர்த்து நிக்க முடியல. ஊசி போட்ட அன்னைக்கு காய்ச்சல் குளிர் வந்தா பயப்படாதீங்க, கிருமி மொத்தமா சாகும்போது வர்றது, ஒரு நாள்ல போயிடும்.

கிளமிடியாவுக்கு பெரும்பாலும் டாக்சிசைக்ளின் ஏழு நாள், கர்ப்பமா இருந்தா வேற மருந்து. மருந்து முடியுற வரைக்கும், ஒரே டோஸ் ஊசின்னா ஏழு நாள் வரைக்கும், காண்டம் போட்டும் உறவு வேணாம். பார்ட்னருக்கும் சிகிச்சை குடுக்காம நீங்க மட்டும் சாப்பிட்டா பத்தாவது நாள் மறுபடி உங்களுக்கே வந்து சேரும். சொல்றதுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், "எனக்கு கிளமிடியா வந்திருக்கு, உனக்கு அறிகுறி இல்லன்னாலும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்து மருந்து சாப்பிடு", இவ்வளவு போதும், யாரு முதல்லங்கிற விசாரணைய அந்த மெசேஜ்ல ஆரம்பிக்காதீங்க. கடைசி ரெண்டு மாசத்துல உறவு வச்ச எல்லாருக்கும் சொல்லணும், சிபிலிஸ்னா மூணு மாசம், சில சமயம் அதுக்கும் மேல. மருந்து சாப்பிட்டு முடிச்ச அடுத்த வாரமே ஆர்வத்துல கிளமிடியா டெஸ்ட் எடுத்தா செத்த கிருமியோட மிச்சத்தப் பிடிச்சு பாசிட்டிவ்னு காட்டிடும், குறைஞ்சது நாலு வாரம் போகட்டும். மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துடுங்க, மறுபடி தொத்துறது சகஜம்.

நெகட்டிவ் வந்தும் நம்ப முடியலன்னா

45 நாள் தாண்டி லேப் டெஸ்ட் நெகட்டிவ், 90லயும் நெகட்டிவ், ஆனாலும் சாம்பிள் மாறியிருக்குமோ, எனக்கு மட்டும் லேட்டா காட்டுமோ, நாக்குல வெள்ளையா இருக்கே, எடை குறையுற மாதிரி இருக்கேன்னு ஓடிக்கிட்டே இருக்கா, இப்ப சிகிச்சை தேவைப்படுறது ரத்தத்துக்கு இல்ல, பதட்டத்துக்கு. இன்னொரு டெஸ்ட் எடுத்தா ரெண்டு நாள் நிம்மதி, மூணாவது நாள் மறுபடி ஆரம்பிக்கும், நெட்ல போட்டோ தேடுறதும் அப்படித்தான். குற்ற உணர்ச்சி உள்ள இருந்தா உடம்பு அறிகுறியா மாறி நிக்கும், இது ரொம்ப சகஜம். மனநல டாக்டரோ ஆலோசகரோ பார்த்து நடந்ததச் சொன்னா அவங்களுக்கு இது புதுசு இல்ல. கண்ணாடியில பார்க்கிறது ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒண்ணா குறைங்க.

இந்த பயம் இறங்கினதும் மறந்து போறதுக்குள்ள ரெண்டு ஊசிய பத்தி விசாரிங்க, ஹெபடைடிஸ் பியும் எச்பிவியும், ரெண்டும் ஆண் பெண் எல்லாருக்கும் உண்டு. பார்ட்னர் மாறிக்கிட்டே இருக்கிற வாழ்க்கைன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட், எச்ஐவி ரிஸ்க் தொடர்ந்து இருந்தா பிரெப் மாத்திரை பத்தியும் கேளுங்க. புதுசா ஒருத்தரோட சேர்ந்து இனி நாம ரெண்டு பேர் மட்டும்தான்னு முடிவு பண்ணி காண்டம விடப் போறீங்கன்னா, ரெண்டு பேரும் பழைய ஆளோட கடைசியா இருந்த தேதியில இருந்து 90 நாள் எண்ணி, சேர்ந்தே போய் ரத்தம் குடுத்து, ரிப்போர்ட்ட ஒருத்தருக்கொருத்தர் காட்டிட்டு விடுங்க.